கடைசிக் குழாயில் அளந்து பாருங்கள்

காரைக்குடிக்கு வெளியூரிலிருந்து விருந்தினர் வந்தால், சாப்பாட்டைப் பற்றிப் பேசுவதற்கு முன்பே தண்ணீரைப் பற்றிப் பேசிவிடுவோம். "இது சம்பை ஊற்றுத் தண்ணீர், குடித்துப் பாருங்கள்" என்போம். செம்மண்ணும் செம்புறாங்கல்லும் நிறைந்த இந்தப் பூமியில் மழைநீர் மெல்ல இறங்கி, மண்ணடுக்குகளில் வடிந்து, நிலத்தடி நீராகச் சேர்ந்து நமக்குக் கிடைக்கிறது. அதன் சுவையில் இவ்வூர்க்காரர்களுக்குப் பெருமை உண்டு. எனக்கும் உண்டு.

சுவையைச் சொல்ல நாக்கு போதும். மாணவ நண்பர்களே, நான் கேட்கப் போவது வேறொரு கேள்வி. நேற்று உங்கள் வீட்டுக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் வந்தது?

இந்தக் கேள்வியை என் வகுப்பில் ஆண்டுதோறும் கேட்கிறேன். "ஒரு மணி நேரம் வந்தது சார்", "தொட்டி நிறைந்தது சார்", "எட்டுக் குடம் பிடித்தோம் சார்" என்று விடை வரும். லிட்டரில் சொன்னவர் மிகச் சிலரே. நேற்று எத்தனை யூனிட் மின்சாரம் செலவாயிற்று என்றால் மீட்டரைப் பார்த்துச் சொல்லிவிடலாம். பாலை லிட்டரிலும் அரிசியைக் கிலோவிலும் வாங்குகிறோம். தண்ணீரை மட்டும் நேரத்தாலும் குடத்தாலும் அளந்துகொண்டிருக்கிறோம்.

பழைய நாளில் இப்படி இல்லை என்றுகூடச் சொல்லலாம். செட்டிநாட்டு வீடுகளில் நாலு பக்கக் கூரையிலிருந்தும் மழைநீர் முற்றத்தில் விழும். அதை அண்டாக்களில் பிடித்து வைப்பார்கள். எத்தனை அண்டா நிறைந்தது என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும். ஊருணிக்குப் போனால், நீருக்கு மேலே எத்தனை படி தெரிகிறது என்று பார்த்தே கோடையைத் தாண்டுமா தாண்டாதா என்று பெரியவர்கள் கணக்குப் போடுவார்கள். அந்தப் படிகளே அவர்களுக்கு அளவுகோல். குழாய் வந்த பிறகு, கணக்கு நம் கண்ணை விட்டு மறைந்து குழாயின் மறுமுனைக்குப் போய்விட்டது.

அந்த மறுமுனையில் கணக்கு எப்படிப் போடப்படுகிறது என்பதைப் பற்றித்தான் என் கருத்தைச் சொல்ல வருகிறேன்.

ரயில் நிலையத்துப் பெயர்ப் பலகையில் கடல் மட்டத்திலிருந்து இத்தனை மீட்டர் உயரம் என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பீர்கள். நில அளவை செய்பவர்கள் உயரம் தெரிந்த ஓரிடத்தில் கல்லில் ஒரு குறி வெட்டி வைப்பார்கள். மற்ற இடங்களின் உயரத்தை அந்தக் குறியிலிருந்து அளப்பார்கள். அதற்குத்தான் பெஞ்ச்மார்க் என்று பெயர். மட்டக்குறி என்று நாம் சொல்லலாம். இப்போது இந்தச் சொல் எல்லாத் துறைகளுக்கும் பரவிவிட்டது. ஒரு மருத்துவமனை, ஒரு பேருந்துக் கழகம், ஒரு நகரத்தின் குடிநீர் நிர்வாகம் ஆகியவை எவ்வளவு நன்றாக வேலை செய்கின்றன என்று ஒப்பிட ஒரு குறியை வைத்துக்கொண்டு, அதிலிருந்து எவ்வளவு மேலே, எவ்வளவு கீழே என்று பார்க்கிறார்கள்.

நம் நாட்டுக் குடிநீர் நிர்வாகங்களுக்கு இப்படிப்பட்ட குறிகளை மத்திய நகர்ப்புற வளர்ச்சி அமைச்சகம் 2008-ஆம் ஆண்டில் ஒரு கையேடாக வெளியிட்டது. குடிநீருக்கு மட்டும் ஒன்பது அளவைகள். எல்லா வீடுகளுக்கும் குழாய் இணைப்பு வேண்டும். நபர் ஒருவருக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் கிடைக்க வேண்டும். இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் வர வேண்டும். எல்லா இணைப்புக்கும் மீட்டர் வேண்டும். காசு வராமல் போகும் நீர் 20 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. சோதித்த நீர் மாதிரிகள் எல்லாம் தரமாக இருக்க வேண்டும். வந்த புகார்களில் 80 சதவீதமாவது உடனுக்குடன் தீர்க்கப்பட வேண்டும். மீதி இரண்டும் பணக்கணக்கு: நடத்தும் செலவை முழுவதும் ஈட்டுவது, கேட்ட கட்டணத்தில் 90 சதவீதம் வசூலிப்பது. பிறகு 13-ஆவது நிதிக்குழு, மானியத்தின் ஒரு பகுதியைப் பெற விரும்பும் மாநிலங்கள் தங்கள் நகரங்களின் இலக்குகளை அரசிதழில் வெளியிட வேண்டும் என்று நிபந்தனை வைத்தது. ஆக, இந்த எண்களுக்குப் பின்னால் பணமும் இருக்கிறது.

குறிகள் நல்ல குறிகள்தாம். நாம் அவற்றிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறோம் என்பதற்கு ஒரு சான்று: ஆசிய வளர்ச்சி வங்கியும் மத்திய அமைச்சகமும் சேர்ந்து 20 இந்திய நகரங்களின் குடிநீர்க் கணக்கைத் திரட்டி 2007-இல் வெளியிட்டன. இருபதில் ஒன்றில்கூட இருபத்துநாலு மணி நேரமும் தண்ணீர் வரவில்லை. சராசரி நாளொன்றுக்கு 4.3 மணி நேரம். வெளியே அனுப்பிய நீரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குக்குக் காசு வரவில்லை.

2021-இல் பத்து நகரங்களில் வெள்ளோட்டமாக இன்னொரு கணக்கெடுப்பு தொடங்கியது. நம் மதுரையும் அதில் ஒன்று. அதன் பெயர் 'பேய் ஜல் சர்வேக்ஷண்'. பேய்க்கும் இதற்கும் தொடர்பில்லை; இந்தியில் குடிநீர் என்று பொருள். ஆனாலும் நான் சொல்லப் போகும் சில எண்கள் ஆளில்லாமல் உலவும் எண்கள்தாம்.

அது எப்படி என்று பார்ப்போம். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி காரைக்குடியில் 1,06,714 பேர். (2024-இல் காரைக்குடி மாநகராட்சியாக உயர்த்தப்பட்டது, எல்லை விரிந்திருப்பதால் இன்றைய தொகை இன்னும் கூடுதல்.) தலைக்கு 135 லிட்டர் என்றால் ஒரு நாளைக்குச் சுமார் 1 கோடியே 44 லட்சம் லிட்டர் வேண்டும். இவ்வளவு நீரை ஒரு நகரம் அனுப்புகிறதா என்று எப்படி அறிவது? சரியான முறை, கிணற்றிலிருந்தும் தொட்டியிலிருந்தும் புறப்படும் பெரிய குழாய்களில் ஓட்டமானி பொருத்திப் படிப்பது. எளிய முறை ஒன்றும் உண்டு. மோட்டாரின் மேல் நிமிடத்துக்கு இத்தனை லிட்டர் என்று ஒரு தகடு அடித்திருக்கும். மோட்டார் எத்தனை மணி நேரம் ஓடியது என்பது பதிவேட்டில் இருக்கும். இரண்டையும் பெருக்கினால் ஓர் எண் கிடைக்கும்.

அந்தப் பெருக்கலில்தான் இயற்பியல் குறுக்கே நிற்கிறது. ஒரு பம்பு எவ்வளவு நீர் இறைக்கும் என்பது அது எவ்வளவு உயரத்துக்கு நீரை ஏற்ற வேண்டியிருக்கிறது என்பதைப் பொறுத்தது. கோடையில் நிலத்தடி நீர் கீழே இறங்கும். ஏற்ற வேண்டிய உயரம் கூடும். அதே மோட்டார், அதே ஒரு மணி நேரம் ஓடினாலும் தண்ணீர் குறைவாகத்தான் வரும். பம்பின் சுழலி தேய்ந்தாலும் அப்படியே. ஆனால் தகட்டில் உள்ள எண் தேயாது. ஆகவே கார்த்திகை மாதத்திலும் சித்திரை மாதத்திலும் அந்தக் கணக்கு ஒரே விடையைத் தரும். கோடையில் நம் குடம் நிறைய நேரமாகும். காகிதம் மட்டும் குறையவே குறையாது. தகட்டுக்கும் உண்மைக்கும் பத்துச் சதவீத வேறுபாடு இருந்தால்கூட, மேலே சொன்ன கணக்கில் 14 லட்சம் லிட்டருக்கு மேல் தவறு. பத்தாயிரம் பேருக்கு மேற்பட்டவர்களின் ஒரு நாள் தண்ணீர் அது.

2008-ஆம் ஆண்டுக் கையேட்டை எழுதியவர்களுக்கு இது தெரியாமலில்லை. ஒவ்வோர் எண்ணுக்கும் பக்கத்தில் 'ஏ' முதல் 'டி' வரை ஒரு நம்பகத் தரம் போடச் சொல்லியிருக்கிறார்கள். கருவி வைத்து முறையாக அளந்தது 'ஏ'. உத்தேசமாகச் சொன்னது 'டி'. என்னைக் கேட்டால் அந்தக் கையேட்டிலேயே மிக மதிப்புள்ள பகுதி இந்த நாலு எழுத்துக்கள்தாம். நாம் ஆய்வுக்கூடத்தில் ஓர் அளவைச் சொன்னால் அதன் பிழை எவ்வளவு என்றும் சொல்லியாக வேண்டும் அல்லவா? பிழை எழுதாத விடைக்கு நான் மதிப்பெண் போடுவதில்லை. மாணவர்கள் என்னை நொந்துகொள்வார்கள். ஆனால் செய்தித்தாளில் ஒரு நகரத்தின் தரவரிசை வரும்போது 'ஏ'யும் 'டி'யும் எங்கோ காணாமல் போய், எண் மட்டும் நிற்கிறது. 'டி' தரத்து 120 லிட்டரையும் 'ஏ' தரத்து 90 லிட்டரையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, முன்னது சிறந்தது என்று கைதட்டுவது சரியல்ல.

என் இரண்டாவது குறை இன்னும் பெரியது. எண் சரியாகவே அளக்கப்பட்டிருந்தாலும், அது எங்கே அளக்கப்பட்டது?

பல ஆண்டுகளுக்கு முன்பு வேறோர் ஊரில் நான் வேலை பார்த்தேன். ஊரின் பெயர் வேண்டாம். என் வாடகை வீடு தெருக் கடைசியில் இருந்தது. அந்த ஊரில் தலைக்கு நூற்றுச் சொச்சம் லிட்டர் கொடுக்கப்படுகிறது என்று அறிவிப்புப் பலகையில் எழுதியிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர் அடிபட்ட பித்தளைக் குடத்தைக் குழாயடியில் வைத்துவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருப்பார். "என்ன பாட்டி, இன்னும் நிறையவில்லையா?" என்பேன். "அது கெடக்குது தம்பி. நீ காலேசுக்குப் போயிட்டு வா, அதுக்குள்ள நெறைஞ்சிரும்" என்பார். அந்தப் பலகையில் இருந்த எண் பொய்யென்று நான் சொல்ல மாட்டேன். தொட்டியிலிருந்து அவ்வளவு நீர் புறப்பட்டிருக்கலாம். ஊர் மக்கள் தொகையால் வகுத்தால் அந்த எண் வந்திருக்கலாம். பாட்டியின் குடத்துக்குத்தான் அது வரவில்லை.

ஏன் வரவில்லை என்பதை மின்சாரத்தை வைத்துப் புரிந்துகொள்ளலாம். டிரான்ஸ்ஃபார்மருக்குத் தொலைவில் உள்ள வீட்டில் மாலை நேரத்தில் விளக்கு மங்குகிறது. கம்பியின் தடையில் மின்னழுத்தம் வழியிலேயே குறைந்துவிடுகிறது. குழாயிலும் உராய்வினால் நீரழுத்தம் வழியிலேயே குறைகிறது. ஆனால் ஒரு வேறுபாடு. மின்னோட்டம் இரு மடங்கானால் அழுத்த இழப்பும் இரு மடங்குதான். அது ஓம் விதி. குழாயில் நீர் கொந்தளித்து ஓடுவதால், ஓட்டம் இரு மடங்கானால் இழப்பு ஏறக்குறைய நாலு மடங்கு! தண்ணீர் ஒரு மணி நேரம்தான் வரும் என்றால் எல்லா வீட்டிலும் ஒரே சமயத்தில் குழாயைத் திறக்கிறோம். பெரிய குழாயில் வேகம் கூடுகிறது. இழப்பு தாவி ஏறுகிறது. தொட்டிக்கு அருகில் இருப்பவருக்குப் பாதகமில்லை. கடைசி வீட்டுக்கு மிஞ்சுவது சொட்டுத்தான்.

குழாயின் குறுக்களவு இன்னும் கடுமையான கணக்கு. ஒரே அளவு நீர் ஓடும்போது, இழப்பு விட்டத்தின் ஐந்தாம் அடுக்குக்குத் தலைகீழ் விகிதத்தில் இருக்கும். உள்ளே உப்புப் படிந்து விட்டம் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் என்ன ஆகும்? 0.9-ஐ ஐந்து முறை பெருக்குங்கள், 0.59 வரும். அதாவது இழப்பு முன்னைப் போல 1.7 மடங்கு. இதன் மேல் யாராவது குழாயில் நேரடியாக மோட்டாரைப் பொருத்தி உறிஞ்சினால், அவருக்குப் பின்னால் இருக்கும் வீடுகளின் நிலையைச் சொல்ல வேண்டியதில்லை. அழுத்தம் காற்றழுத்தத்துக்கும் கீழே போய், விரிசல் வழியே சாக்கடை நீரையும் குழாய் இழுத்துக்கொள்ளும்.

ஒரு சிறு கணக்கு. இரண்டு வீடுகள், இரண்டிலும் ஐந்து பேர் என்று வைத்துக்கொள்வோம். முதல் வீட்டுக் குழாயில் 15 லிட்டர்க் குடம் 50 வினாடியில் நிறைகிறது. ஒரு மணி நேரத்தில் 1,080 லிட்டர், தலைக்கு 216. கடைசி வீட்டில் அதே குடம் 150 வினாடியில் நிறைகிறது. ஒரு மணி நேரத்தில் 360 லிட்டர், தலைக்கு 72. சராசரி 144 லிட்டர்! குறியான 135-ஐத் தாண்டிவிட்டோம், பரிசு வாங்கலாம். கடைசி வீட்டில் ஒருவருக்குக் குறியில் பாதியைச் சற்றுத் தாண்டித்தான் கிடைத்திருக்கிறது.

அதனால் என் கட்சி இதுதான்: நகரத்தின் சராசரியோடு, அதன் ஒவ்வொரு பகுதியிலும் கடைக்கோடிக் குழாயில் வரும் அளவையும் சேர்த்து வெளியிட வேண்டும். தரவரிசை போடுவதென்றால் அந்தக் கடைக்கோடி எண்ணை வைத்துப் போடட்டும்.

இது நடவாத காரியம் என்று சிலர் சொல்லக்கூடும். ஒரு விஷயத்தில் நாம் இதை ஏற்கெனவே செய்துகொண்டிருக்கிறோம். தண்ணீரில் கலக்கும் குளோரினை எங்கே சோதிக்கிறார்கள் தெரியுமா? தொட்டியில் எவ்வளவு கொட்டினோம் என்பதோடு விடுவதில்லை. கடைசிக் குழாயில் நீர் பிடித்து, அதில் ஒரு லிட்டருக்குக் குறைந்தது 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்கிறதா என்று பார்க்கிறார்கள். சிறு கண்ணாடிக் குழாயில் மருந்துத் துளி விட்டு, மஞ்சள் நிறம் வருகிறதா என்று பார்ப்பதை நீங்களே உங்கள் தெருவில் கண்டிருக்கலாம். கிருமி கடைசி வீட்டில் இருக்கும் என்ற அச்சம் நம்மை அங்கே அனுப்பியது. குளோரினுக்காக அங்கே நடந்து போகிறவர் கையில் ஒரு குடமும் கடிகாரமும் கொடுத்தால் லிட்டர்க் கணக்கும் வந்துவிடும்.

மூன்றாவதாக ஒன்று சொல்ல வேண்டும். இதைச் சொல்லும்போது எனக்குச் சற்றுக் கவலையாகவே இருக்கிறது. தெருக்குழாயை நம்பி வாழும் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. 'எத்தனை வீட்டுக்கு இணைப்பு' என்ற கணக்கில் அவர்கள் சேர்வதில்லை. வீட்டுக்குள் இணைப்பு உள்ளவர்களே கணக்கு. 'காசு வராத நீர்' என்ற கணக்கிலோ, தெருக்குழாயில் இலவசமாகப் பிடித்த தண்ணீர், வெடித்த குழாயில் ஒழுகிப்போன தண்ணீரோடு சேர்த்து எண்ணப்படுகிறது. குழந்தை குடித்த நீரும் சாக்கடையில் ஓடிய நீரும் ஒரே பத்தியில்! இப்போது ஒரு நகரம் தன் எண்ணைச் சீராக்க விரும்புகிறது. ஒழுகும் குழாயைத் தேடித் தோண்டி அடைப்பது கடினமான வேலை. தெருக்குழாயை மூடுவது அரை நாள் வேலை. வீட்டு இணைப்புக் கொடுத்துவிட்டு மூடினால் நல்லது. கொடுக்காமல் மூடினாலும் அந்த எண் அதே போலத்தான் குறையும். பரீட்சைக்கு வரும் கேள்விகளை மட்டும் மனப்பாடம் செய்து அதிக மதிப்பெண் வாங்குபவரை உங்களுக்குத் தெரியும். புகார்க் கணக்கும் இப்படித்தான்: புகாரே எழுதிக்கொள்ளாத அலுவலகத்தில் தீராத புகார் ஒன்றும் இராது.

இதற்காக அளப்பதே வேண்டாம் என்று நான் சொல்வதாக எண்ணிவிடாதீர்கள். கம்போடியாவின் தலைநகரான புனோம் பென் நகரத்தைப் பாருங்கள். போரிலும் கொடுங்கோலாட்சியிலும் சிதைந்த ஊர் அது. 1993-இல் அங்கே அனுப்பிய தண்ணீரில் 72 சதவீதத்துக்குக் காசு வரவில்லை. அடுத்த பதினைந்து ஆண்டுகளுக்குள் அதைப் பத்துச் சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தார்கள். ஏழைக் குடும்பங்களுக்குச் சலுகையில் வீட்டு இணைப்பும் கொடுத்தார்கள். அந்த நிர்வாகத்தை நடத்திய ஏக் சொன் சானுக்கு 2006-இல் ராமோன் மகசேசே விருது கிடைத்தது. மந்திரம் ஒன்றுமில்லை. எல்லா இணைப்புக்கும் மீட்டர் வைத்தார்கள். ஊரைப் பகுதி பகுதியாகப் பிரித்து, உள்ளே போகும் நீரையும் வீடுகளில் பதிவாகும் நீரையும் ஒப்பிட்டார்கள். வித்தியாசம் அதிகமான பகுதியில் கசிவைத் தேடினார்கள்.

இங்கே ஒரு சுவையான விஷயம். எந்நேரமும் தண்ணீர் வரும் ஊரில் கசிவைக் கண்டுபிடிப்பது எளிது. நள்ளிரவு தாண்டி, எல்லோரும் தூங்கும்போது, பகுதிக்குள் போகும் ஓட்டத்தை அளப்பார்கள். யாரும் குளிக்காத, துவைக்காத நேரத்தில் ஓடும் நீர் பெரும்பாலும் கசிவுதான். ஒரு மணி நேரம் மட்டும் நீர் விடும் ஊரில் அப்படி ஓர் அமைதியான வேளையே கிடையாது. குழாயில் நீர் இருக்கும் நேரமெல்லாம் ஊர் விழித்திருக்கிறது. போதாக்குறைக்கு, காலிக் குழாயில் நீர் ஏறும்போது முதலில் காற்று புஸ்ஸென்று வெளியேறும். அந்தக் காற்றும் மீட்டரைச் சுற்றிவிடும். அப்படிச் சுற்றியதற்கு நீங்கள் காசு கட்ட வேண்டியிருக்கும்.

சரி, நீங்கள் செய்யக் கூடியது என்ன? ஒரு வாளி, கடிகாரம், நோட்டுப் புத்தகம் போதும். வாளியின் கொள்ளளவைக் கடைக்காரர் சொன்னபடி எடுத்துக்கொள்ளாதீர்கள். ஒரு லிட்டர்ப் பாட்டிலால் ஊற்றி நிரப்பி, பதினைந்தாவது லிட்டரில் பெயிண்டால் கோடு போடுங்கள். அது உங்கள் மட்டக்குறி. தண்ணீர் வரும் நாளில், காற்று போய் நீர் சீராக வந்ததும் ஒரு முறை, நடுவில் ஒரு முறை, நிற்பதற்குச் சற்று முன் ஒரு முறை என்று கோடு வரை நிறைய எத்தனை வினாடி ஆகிறது என்று குறியுங்கள். அளந்த நீரைக் கொட்டிவிட வேண்டாம், அண்டாவில் ஊற்றிக்கொள்ளலாம். தொடங்கிய நேரம், நின்ற நேரம், வீட்டில் எத்தனை பேர் என்பதையும் எழுதுங்கள். தண்ணீர் வராத நாட்களையும் விடாமல் எழுதுங்கள். அந்த நாளுக்கு எழுத வேண்டிய எண் பூஜ்யம்.

அழுத்தத்தையும் அளக்கலாம். உள்ளே தெரியும் பிளாஸ்டிக் டியூபின் ஒரு முனையைக் குழாயில் இறுக்கமாகச் செருகுங்கள். மறுமுனையை மாடிப்படி வழியே மேலே கொண்டு போங்கள். டியூபில் நீர் எந்த உயரத்தில் ஏறாமல் நிற்கிறதோ அதுதான் உங்கள் குழாயின் அழுத்தம், மீட்டர் கணக்கில். ஒரு மாடி கூட இல்லாத வீட்டுக்கே 7 மீட்டர் இருக்க வேண்டும் என்பது நம் பொறியாளர்களின் நெறிமுறையாக நெடுநாள் இருந்தது. இடுப்பு உயரம் தாண்டாத டியூபையும் நீங்கள் காணக்கூடும். பெரியவர்களின் துணையில்லாமல் மாடி விளிம்பில் நிற்காதீர்கள்.

ஒரே தெருவில் முதல் வீட்டு மாணவரும் கடைசி வீட்டு மாணவரும் ஒரே நாளில் அளந்தால் மிகவும் நல்லது. அளந்தவர் பெயர், வாளியின் பிழை எத்தனை மில்லிலிட்டர் என்பதோடு, எண்ணுக்குப் பக்கத்தில் 'ஏ'யா 'டி'யா என்றும் நீங்களே நேர்மையாகப் போடுங்கள். ஒரு மாதக் கணக்கு சேர்ந்ததும் பிரதி எடுத்து, உங்கள் வார்டு உறுப்பினரிடம் ஒன்று, மாநகராட்சிப் பொறியாளரிடம் ஒன்று கொடுங்கள். முதல் வீட்டுக்கும் கடைசி வீட்டுக்கும் உள்ள வினாடி வித்தியாசத்தைச் சிவப்பு மையால் எழுதுங்கள்.